வராதவன் பேருக்கு நேரா ஒரு டிக்

எங்க குப்பத்துல பிளஸ் டூ வரைக்கும் படிச்ச மொத ஆளு நான். படிச்சு இன்னா கிழிச்சேன்னு கேட்டா, பாடு நோட்டு எழுதினேன்னு சொல்லுவேன். கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு ஊரே சொல்லும். எனக்கும் அந்தத் திமிரு கொஞ்சம் இருந்துச்சு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கையெழுத்தாலதான் இன்னிக்கு ஒருத்தர் மூஞ்சில முழிக்க முடியாம கெடக்குறேன்.

பாடுன்னா இன்னான்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். பழவேற்காடு ஏரி கடலோட சேர்ற எடம் மொகத்துவாரம். ஏரித் தண்ணி கடலுக்கு எறங்கும்போது எறாவும் கூடவே எறங்கும். அங்க கழி நட்டு வலை கட்டினா நல்லாக் கெடைக்கும். ஆனா எடம் கொஞ்சம், ஆளு ரொம்ப. எல்லாரும் ஒரே நாள்ல போய் எறங்கினா வெட்டு குத்துதான். அதனால வருஷத்துக்கு ஒரு தடவ சீட்டு குலுக்கி, யாரு எந்த நாள்ல எந்த எடத்துல வலை கட்டணும்னு முறை வெச்சிருக்கோம். அதுக்குப் பேருதான் பாடு. முறை வந்த ஆளு நேர்ல வரணும். மாமனை அனுப்புறேன், மச்சானை அனுப்புறேன்னா நடக்காது. தொடர்ந்து மூணு தடவ வரலன்னா பேரை அடிச்சிட்டு முறைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.

வந்தவன் பேருக்கு நேரா டிக் போடுறது என் வேலை. வலை கட்ட முடியாத நாளுன்னா, ஏன் முடியலன்னு ஓரத்துல ஒரு வரி எழுதணும். 'வாடைக் காத்து ஜாஸ்தி, பாடு இல்ல.' 'மொகத்துவாரம் மண்ணு மூடிக்கிச்சு.' 'தண்ணி பச்சையாயிடுச்சு, மீனு செத்து மெதக்குது.' எனக்கு முன்னாடி எழுதினவங்களும் இப்படித்தான் எழுதி வெச்சிருந்தாங்க. பழைய நோட்டுங்க எல்லாம் ஊர்க் கோயில்ல ஒரு தகரப் பொட்டில கெடந்துச்சு.

எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். ஒண்ணா நீச்சல் கத்துக்கினோம், ஒண்ணா அடி வாங்கினோம். அவன் அஞ்சாவதோட நின்னுட்டான், நான் படிச்சேன். அதுக்காகவே என்னை 'கலெக்டரு'ன்னு கூப்புடுவான். "கலெக்டரே, என் பேரு எங்க கீது, காட்டு"ன்னு நோட்டைப் புடுங்கிப் பாப்பான். அவனுக்கு எழுத்து கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனாலும் என்னைச் சீண்டுறதுல ஒரு சந்தோஷம். அவன் சம்சாரம் என்னை அண்ணான்னு கூப்புடும், நான் தங்கச்சின்னு கூப்புடுவேன். ரெண்டு பொண்ணுங்க. அவன் அம்மாவும் அவங்களோடதான்.

ஒரு கார்த்திகை மாசத்துல புயல் வருதுன்னு டிவியில சொல்லிட்டாங்க. எந்தப் போட்டும் தண்ணில எறங்கக் கூடாதுன்னு மைக்குல கத்தினாங்க. முந்தின நாள் பாடு அவனோடது. புது வலைய மொகத்துவாரத்துல கட்டிட்டு வந்திருந்தான். "போயி அவுத்துக்கினு ஓடியாந்துடறேன்"னான். "வாணாண்டா, போனா போவுது வலை"ன்னு நான் சொன்னேன். "நீ நோட்டுல எழுது, நான் வலைய எடுக்குறேன்"னு சொல்லிட்டு போட்டைத் தள்ளினான். மடையன். கைய புடிச்சி இழுத்து மண்ணுல தள்ளியிருக்கணும் நானு. தள்ளல.

காத்து ஓஞ்சப்பறம் அவன் போட்டு வடக்கால, ஆந்திராக் கரைப்பக்கம் மணல்ல ரெண்டா பொளந்து கெடந்துச்சு. ஆளு கெடைக்கல. தேடாத எடம் இல்ல. அன்னிக்கு நோட்டுல எழுதினேன்: 'புயல். பாடு இல்ல. போட்டு வரல.' பக்கத்துல அவன் பேரையும் எழுதினேன். அந்த ஒரு வரி மட்டும் கோணிக்கிச்சு.

எங்க ஊர்ல ஒரு வழக்கம். கடல்ல போனவன் ஒடம்பு கெடைச்சா, பதினாறாம் நாளு பேரை நோட்டுல அடிப்போம். பையன் இருந்தா அவன் பெரியவனானதும் அந்த முறை அவனுக்குப் போவும். பொண்ணுக்குப் போவாது. அந்த ரூலைத் திட்டி நான் ஊர்க் கூட்டத்துல ரெண்டு தடவ பேச்சு வாங்கியிருக்கேன், மாறல. ஒடம்பு கெடைக்கலன்னா பதினாறாம் நாளே கெடையாது. பேரை அடிக்க யாருக்கும் கை வராது. அவன் அம்மா வேற, போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கக் கூடாதுன்னு வாசல்ல குறுக்கப் படுத்துக்கிச்சு. எழுதிக் குடுத்தா செத்துட்டான்னு ஆயிடுமாம். யாரும் போவல.

அவனோட அடுத்த முறை வந்துச்சு. நானும் இன்னும் ரெண்டு பேரும் போயி அவன் எடத்துல வலை கட்டினோம். வந்த எறாவை ஒண்ணு கொறையாம தங்கச்சி கூடையில கொட்டினோம். நோட்டைத் தொறந்து வெச்சிக்கினு ஊர்த் தலைவர் மூஞ்சிய பாத்தேன். அவரு ஏரிப்பக்கம் பாத்துக்கினே, "போடுப்பா"ன்னாரு. டிக் போட்டேன். அடுத்த முறையும் போட்டேன். ரெண்டு வருஷத்துக்கு மேல போட்டேன். இது பொய்யின்னு எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தோணல, எனக்கும் தோணல. ரெண்டு பொண்ண வெச்சிக்கினு ஒரு பொம்பள சோறு துண்ண வழி பண்றது எப்படிப் பொய்யாவும்?

அப்பாலதான் அந்த மேடம் வந்தாங்க. மெட்ராஸ்ல ஒரு ஆவணக் காப்பகமாம். புயலு, வெள்ளம், ஏரி, ஆறு இதப் பத்தின பழைய காகிதத்தையெல்லாம் சேத்து வெக்கிற எடம். அதிகாரிங்க எழுதின கடுதாசி கீது, மழைக் கணக்கு கீது, போட்டோ கீது, ஆனா ஏரிக்காரங்க கையால எழுதினது ஒண்ணு கூட இல்லன்னாங்க. கோயில்ல பொட்டியத் தொறந்து காட்டினோம். அடியில ரெண்டு நோட்டைக் கரையான் தின்னு மண்ணாக்கி வெச்சிருந்துச்சு. மேடம் கண்ணு கலங்கிடுச்சு. "எந்த வருஷம் மொகத்துவாரம் மூடிச்சு, எந்த வருஷம் தொறந்துச்சுன்னு இதுல இருக்குங்க, வேற எங்கயும் இல்ல"ன்னாங்க. எனக்கு நெஞ்சு விரிஞ்சுது. ஊர்ல கூட்டம் போட்டு, பேசி, எல்லா நோட்டையும் குடுத்தோம். நான் எழுதினதையும் சேத்துத்தான்.

ஒரு தடவ போய்ப் பாத்தேன். ஏசி ரூமு. ஒவ்வொரு நோட்டுக்கும் தனித்தனியா அட்டைப் பொட்டி. கம்ப்யூட்டர்ல என் கையெழுத்து செவுரு அளவுக்குத் தெரிஞ்சுது. அங்க படிக்க வந்த பசங்க எல்லாம் எட்டி எட்டிப் பாத்தாங்க. "இந்த டிக் எதுக்கு?"ன்னு மேடம் கேட்டாங்க. "அன்னிக்கு வந்தவங்க மேடம்"னேன். அதையும் எழுதிக்கினாங்க. வூட்டுக்கு வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கினு இருந்தேன்.

இதுக்குள்ள கடலு எங்க குப்பத்துல மொத வரிசையத் தின்னுடுச்சு. தங்கச்சி வூட்டுச் செவுரு பாதி போயி, தார்ப்பாய் கட்டிக்கினு இருந்துச்சு. அரசாங்கத்துல உள்ள தள்ளி புது வூடு கட்டிக் குடுத்தாங்க. குடும்பத் தலைவன் வந்து கையெழுத்துப் போட்டா சாவி. அவன் இல்லன்னா எறப்புச் சர்ட்டிபிகேட் வேணும். தங்கச்சி கிட்ட ரெண்டும் இல்ல. ஆபீஸ்ல, "புயல்ல போனான்னு எதுனா ரெக்கார்டு இருந்தா எடுத்துக்கினு வா"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

நான்தான் குதிச்சேன். "ரெக்கார்டா? நம்ம கிட்டயா இல்ல? நான் எழுதி வெச்சது மெட்ராஸ்ல பத்திரமா கீதும்மா, கவலப்படாத"ன்னேன். மேடம் கிட்ட போயி, புயல் நாளு எழுதின பக்கத்த நகல் எடுத்து, சீல் வெச்சு வாங்கிக்கினு வந்தேன். 'புயல். பாடு இல்ல. போட்டு வரல.' அதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா இன்னா? என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கினது அன்னிக்குத்தான்.

ஆபீசர் நல்ல மனுஷன். அதான் இன்னும் பேஜாரு. கெட்டவனா இருந்தா திட்டிட்டாவது வந்திருப்பேன். நகலைப் படிச்சாரு, தலைய ஆட்டினாரு. "இதோட மீதி பக்கமும் நெட்ல இருக்குன்னு கீழ போட்டிருக்கே"ன்னு கம்ப்யூட்டரைத் தட்டினாரு. அடுத்த பக்கம் வந்துச்சு. வெரலால பேரைத் தேடிக்கினே வந்தவரு நின்னுட்டாரு.

"ஏம்மா, உன் வூட்டுக்காரு புயலுக்கப்பறம் இருபது நாள்ல வந்து வலை கட்டியிருக்காரு போல?"

தங்கச்சி என்னைப் பாத்துச்சு. எனக்கு அப்போதான் ஒறைச்சுது.

"சார், அது நாங்க கட்டினது. அவன் பேருக்கு நான்தான் டிக் போட்டேன்."

"இதுக்கு இன்னா அர்த்தம்னு இங்கயே போட்டிருக்கு பாருங்க. 'அன்னிக்கு வந்தவங்க.' நீங்க சொன்னதா உங்க பேரே போட்டிருக்கு. ரெண்டு வருஷம் ஒரு முறை தவறாம வந்திருக்காரு."

நாங்க ஏன் அப்படிப் பண்ணோம்னு விளக்கிச் சொன்னேன். பொறுமையாக் கேட்டாரு. "புரியுதுய்யா. ஆனா நான் வாய்ப் பேச்சை வெச்சு ஒருத்தரைச் செத்துட்டாருன்னு எழுத முடியாது. நீங்க எழுதின நோட்டு பொய்யின்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, மேல அனுப்புறேன்"னாரு. "இப்பவே குடுங்க சார் பேப்பரை"ன்னேன். கூட வந்திருந்த தலைவர் என் சட்டையப் புடிச்சி வெளிய இழுத்துக்கினு வந்துட்டாரு.

அவரு இழுத்ததுக்கும் காரணம் இருந்துச்சு. அந்தப் புயல்ல பழைய மொகத்துவாரம் மூடிக்கினு, வடக்கால புதுசா ஒண்ணு தொறந்துக்கிச்சு. அது எங்களோடதுன்னு நாங்க, அவங்களோடதுன்னு பக்கத்து ஊரு. ரெண்டு ஊருக்கும் அதிகாரிங்க முன்னாடி பேச்சு வார்த்த நடந்துக்கினு இருந்துச்சு. புதுசா தொறந்த நாள்லேந்து எங்க ஆளுங்கதான் அங்க வலை கட்டினாங்கன்றதுக்கு ஒரே அத்தாட்சி அந்த நோட்டு. அதே பக்கங்க. அவன் பேருக்கு நான் டிக் போட்ட அதே பக்கங்க.

"ஒரு டிக் பொய்யின்னு நீ எழுதிக் குடு, மிச்சமெல்லாம் பொய்யின்னு அவங்க எழுதிக் குடுப்பாங்க. அப்பால நூறு வூட்டுக்கும் நீ சோறு போடுவியா?"ன்னாரு தலைவரு.

"நீங்கதான 'போடுப்பா'ன்னீங்க?"

"ஆமாம், நான்தான் சொன்னேன். இப்பவும் சொல்றேன், வாயப் பொத்திக்கினு கெட."

நடு ரோட்டுல நின்னு அவரை நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா, மனுஷன் துண்டால கண்ணத் தொடச்சிக்கினு நிக்கிறாரு. அதுக்கப்பறம் யாரைத் திட்டுறது?

மேடம் கிட்ட போன் பண்ணேன். அந்த டிக்குக்கு நேரா ஒரு குறிப்பு எழுதுங்க, அவன் வரல, அவன் பேருக்கு நாங்க கட்டினோம்னு போடுங்கன்னேன். "தாராளமா சேக்கலாம், நீங்க சொன்னதாத்தான் போடணும், எல்லாரும் பாக்கற மாதிரித்தான் இருக்கும்"னாங்க. அப்போ பக்கத்து ஊரும் பாக்கும். வாணாம்னு வெச்சிட்டேன். நோட்டைத் திருப்பி வாங்கிடலாமான்னு கூட ஒரு நிமிஷம் நெனச்சேன். இன்னாத்துக்கு? படம் புடிச்சி ஒலகத்துக்கே காட்டியாச்சு. பேசாம அதைக் கரையானுக்கே விட்டிருக்கலாம்.

ஒரு நாள் காலையில தங்கச்சி என் வூட்டுக்கு வந்துச்சு. ஒக்காரச் சொன்னேன், ஒக்காரல.

"நோட்டு பொய்யின்னு எழுதிக் குடுக்காதண்ணா"ன்னுச்சு.

"அப்போ உனக்கு வூடு?"

"ஆபீஸ்ல கிளார்க்கம்மா ஒருத்தங்க ஒரு வழி சொன்னாங்கோ. புருஷன் வுட்டுட்டு ஓடிப் போய்ட்டான்னு மனு குடுத்து சர்ட்டிபிகேட் வாங்கினா, வூட்ட என் பேருக்கே மாத்திக் குடுப்பாங்களாம். உன் நோட்டும் அதுக்குத் தோதாத்தான் கீதாம். ரெண்டு வருஷம் இருந்துட்டு ஓடிப் போய்ட்டான்னு."

எனக்குக் கோவம் வந்துச்சு பாருங்க, கண்ணு மண்ணு தெரியல. "அவனையா? ஓடிப் போனான்னா? யாரு எழுதுவா அத?"

"நீதான். உன் எழுத்துதான் நல்லா இருக்கும்."

மாட்டேன்னேன். சண்ட போட்டேன். அது அழுவல, கத்தல. "தண்ணி உள்ள வந்தாச்சுண்ணா. பொண்ணுங்கள பெஞ்சு மேல படுக்க வெக்கிறேன்"னு மட்டும் சொல்லுச்சு. பேப்பரை எடுத்தேன்.

'என் கணவர் என்னையும் என் இரு பெண் குழந்தைகளையும் ஆதரவின்றிக் கைவிட்டுச் சென்றுவிட்டார்.' இதை எழுதினது இந்தக் கைதான். மனுல ஒரு எடம் நிரப்பணும்: எங்க போனாருன்னு நம்புறீங்க? தங்கச்சிய நிமிந்து பாத்தேன்.

"தண்ணி இல்லாத ஊரா பாத்து எழுதுண்ணா."

திருப்பூர்னு எழுதினேன். பனியன் கம்பெனில வேலைக்குப் போனதாக் கேள்விப்பட்டேன்னு எழுதினேன்.

சாவி கெடைச்சுது. நல்ல வூடு, மழை ஒழுவல. பேச்சு வார்த்தயில நோட்டைப் பாத்துட்டு, புது மொகத்துவாரம் எங்களோடதுன்னு சொல்லிட்டாங்க. ஊரே பட்டாசு வெடிச்சுது. நான் வூட்ட விட்டு வெளிய வரல. அந்தப் புயலப் பத்தி காப்பகத்துல ஒரு பட்டியல் போட்டிருக்காங்க, எந்தெந்த ஊர்ல எத்தினி பேர் போனாங்கன்னு. எங்க ஊருக்கு நேரா 'யாரும் இல்லை'ன்னு இருக்கு. ஸ்கூல்ல பொண்ணுங்கள 'ஓடிப் போனவன் புள்ளைங்க'ன்னு கூப்புடுதுங்களாம். பாடு நோட்டை இப்போ வேற ஒருத்தன் எழுதுறான்.

போன மாசம் ஒரு காலையில, பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுல அவன் அம்மாவப் பாத்தேன். நல்ல புடவை கட்டிக்கினு, மடியில ஒரு பைய வெச்சிக்கினு ஒக்காந்திருந்தாங்க.

"இன்னாம்மா, தனியா எங்க கெளம்பிட்ட?"

"திருப்பூருக்கு நைனா. பொன்னேரி போயி ரயிலு ஏறணும்னு சொன்னாங்கோ. அவனுக்கு சென்னாகுன்னிக் கருவாடு எடுத்துக்கினு போறேன், அந்த ஊர்ல கெடைக்காதாமே. எந்தக் கம்பெனின்னு ஒரு சீட்டுல எழுதிக் குடு."

யாரு சொன்னது இவங்களுக்குன்னு தெரியல. ஊர்ல சின்னதுங்க பேசிக்கினது காதுல வுழுந்திருக்கும். "எனக்குத் தெரியாதும்மா"ன்னேன்.

"நீதான எழுதின? எழுதினவனுக்குத் தெரியாதா?"

பக்கத்துல ஒக்காந்தேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. "யம்மா, அவன் அங்க இல்ல. வூடு கெடைக்கணும்னு நான் பொய் எழுதினேன்."

பைய இறுக்கிப் புடிச்சிக்கினாங்க. "அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா டிக் போட்டியே? எல்லாரும் சொன்னாங்கோ, வரான்னு நோட்டுலயே கீதுன்னு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. என் மேல கோச்சிக்கினு வூட்டுக்கு வராம போறான்னு இருந்தேன்."

"அதுவும் பொய்தாம்மா. நாங்கதான் கட்டினோம்."

பஸ்ஸு வந்து நின்னுச்சு. கண்டக்டர் பொன்னேரி, பொன்னேரின்னு கூவினான். அவங்க எழுந்திருக்கல. என் மூஞ்சிய உத்துப் பாத்துக்கினே கேட்டாங்க.

"புயல் அன்னிக்கு போட்டு வரலன்னு எழுதினியாமே நைனா. அதுவாவது பொய்தான?"

"இல்லம்மா"ன்னேன். "அது நெசம்."